புகைப்பழக்கமும் ஸ்கூபாவுக்கான உடல்தகுதியும்: செட்டிநாட்டிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஊரணி உண்டு, கண்மாய் உண்டு, கடல் இல்லை. ஆனாலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்குத் தியோமன் தீவுக்கும், ஊரிலேயே இருப்பவர்கள் புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் ஸ்கூபா (சிலிண்டரில் எடுத்துச்செல்லும் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் முக்குளிப்பது) கற்றுக்கொள்ளப் போவது ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. நான் ஆண்டில் சில மாதங்கள் அந்தமானில் பயிற்சி அளித்துவிட்டு மீதி நாட்களைக் காரைக்குடியில் கழிப்பவன் என்பதால், கிளம்புவதற்கு முன் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களில் பாதிப்பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது புகைப்பழக்கத்தைப் பற்றித்தான். நான் மருத்துவன் அல்லன். பதினொரு ஆண்டுகள் புகைத்து, பிறகு விட்டவன். அந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பதில்களைப் படிக்கவும்.

நான் புகைப்பவன். பயிற்சியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சான்றிதழ் வழங்கும் பெரிய அமைப்புகள், புகைக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவதில்லை. நீங்கள் நிரப்பித்தரும் மருத்துவப் படிவத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, மருத்துவரின் ஒப்புதல் தேவையா இல்லையா என்று முடிவாகும்.

அந்தப் படிவம் புகையைப் பற்றி என்ன கேட்கிறது?

உலகெங்கும் பெரும்பாலான பயிற்சி நிலையங்கள் இன்று பயன்படுத்தும் வினாப்பட்டியல் 2020-இல் திருத்தி அமைக்கப்பட்டது. அதில் பத்து முதன்மைக் கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவது கேள்வி, நீங்கள் 45 வயதைக் கடந்தவரா என்பது. கடந்தவர் என்றால் ஒரு துணைப்பகுதிக்குப் போகச் சொல்வார்கள். தற்போது புகைக்கிறீர்களா அல்லது வேறு வழியில் நிக்கோட்டினை உள்ளிழுக்கிறீர்களா, ரத்த அழுத்தம் உண்டா, கொழுப்பு அதிகமா, நெருங்கிய ரத்த உறவில் 50 வயதுக்குள் இதயநோய் வந்ததா என்று அங்கே கேட்கப்படும். அவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது கேள்வி, 14 நிமிடங்களில் 1.6 கிலோமீட்டர் நடக்கவோ, இடையில் ஓய்வெடுக்காமல் 200 மீட்டர் நீந்தவோ சிரமப்படுகிறீர்களா என்பது. அடிக்கடி மூச்சுக்குழல் அழற்சி வந்து இப்போதும் இருமல் இருக்கிறதா, எம்ஃபசீமா (நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் சிதையும் நோய்) என்று யாரேனும் சொல்லியிருக்கிறார்களா என்பதும் நுரையீரல் பகுதியில் வருகிறது.

வயதையும் புகையையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் இதயம். கழுத்துவரை நீரில் இறங்கிய உடனேயே, கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேலாக மார்புக்கூட்டுக்கு ஏறிவிடும். இதயம் அந்தக் கூடுதல் சுமையோடுதான் வேலையைத் தொடங்குகிறது. 1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 முக்குளிப்பு இறப்புகளை அலசிய ஓர் ஆய்வில், முக்குளித்தவரைச் செயலிழக்கச் செய்த காரணம் கண்டறியப்பட்டவற்றில் சுமார் 26 விழுக்காடு இதயக் கோளாறாகவும், 29 விழுக்காடு ரத்தக்குழாயில் காற்று அடைத்ததாகவும் இருந்தன. புகை இந்த இரண்டு பக்கத்துக்கும் துணைபோகிறது.

இந்தப் படிவத்தின்மேல் எனக்கொரு குறை உண்டு. பதினெட்டு வயதில் தொடங்கி இருபது ஆண்டுகள் புகைத்த 38 வயதுக்காரர், இருமல் இல்லையென்று சொல்லிவிட்டால், எல்லாக் கேள்விக்கும் மனச்சாட்சியோடேயே ‘இல்லை’ என்று எழுதிவிட முடியும். ஆகவே 45 வயதுக்கு உட்பட்டவர்களிடம் புகையைப் பற்றி நானாகவே தனியாகக் கேட்டுவிடுவது வழக்கம்.

மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் அல்லவா?

அவர் எதைப் பார்த்துப் போட்டார் என்பதைப் பொறுத்தது. என் முதல் படிவத்தைக் கையெழுத்திட்ட மருத்துவர், “மீன் பார்க்கப் போறீங்களாக்கும்” என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கையில்கூட எடுக்கவில்லை. அப்போது நான் நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படிவத்தோடு மருத்துவர்களுக்கான வழிகாட்டுக் குறிப்பும் உண்டு. அதையும் அச்சிட்டு எடுத்துச் சென்று கொடுத்தால், முக்குளிப்பைப் பற்றி முன்பின் அறியாத மருத்துவரும் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

ஊரணியில் முங்கினால் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் எழுவேன். புகைத்தாலும் என் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லையே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊரணியில் நீங்கள் கரையில் இழுத்த மூச்சோடு இறங்குகிறீர்கள். இறங்க இறங்க அந்தக் காற்று சுருங்குகிறது, எழும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, அதற்குமேல் விரிவதில்லை. ஸ்கூபாவில் நிலைமை வேறு. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் என்ற, வாயில் கவ்வும் கருவி தரும் காற்று, நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே வருகிறது. 10 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு நெஞ்சு அளவுக்கு விரியப் பார்க்கும்.

புதியவர்களுக்கு இதைக் காட்ட ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்துச் செல்வேன். 10 மீட்டரில் அதைத் தலைகீழாகப் பிடித்து முக்கால் அளவுக்குக் காற்றை விடுவேன். மெல்ல மேலே வந்தால், சரியாக 5 மீட்டரில் பாட்டில் நிறைந்துவிடும். அதற்குமேல் ஒவ்வொரு அடிக்கும் பாட்டிலின் வாயிலிருந்து குமிழ்கள் வழிந்துகொண்டே இருக்கும். மறுமுறை இறங்கி, காற்றை நிரப்பியதும் மூடியைத் திருகிவிடுவேன். படகுக்கு வரும்போது அந்தப் பாட்டில் அழுத்தினால் அமுங்காத அளவுக்குக் கல்லாக இறுகியிருக்கும். மூடியைத் திறந்தால் கோலி சோடா உடைத்ததுபோலச் சீறும். நுரையீரலுக்கு அந்தப் பிளாஸ்டிக்கின் உறுதி கிடையாது. நெஞ்சு நிறையக் காற்றோடு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே வந்தாலே அது கிழியக்கூடும். கிழிந்த இடத்தின் வழியே காற்று ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போனால், படகில் ஏறிய சில நிமிடங்களுக்குள் பக்கவாதம் வந்தவரைப்போல ஆகிவிடுவார்.

அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. ஊரணியில் நீங்கள் பெருமைப்பட்ட அதே திறமையை மறக்கச் செய்வதில்தான் முதல் நாள் முழுவதும் எங்களுக்குப் போகிறது.

புகைப்பவரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் விதியை மீறவில்லை, ஒழுங்காகவே மூச்சை விடுகிறார். ஆனால் சளி அடைத்த ஒரு சிறு மூச்சுக்குழலுக்கு அப்பால் சிக்கிய காற்று வெளியேற மறுக்கிறது. நெடுநாள் புகையால் மூச்சுக்குழல்களின் உட்சுவர் தடித்து, சளி கூடி, அதைத் துடைத்து மேலே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழந்துபோகின்றன. சிலருக்குக் காற்றறைகளின் சுவர் கரைந்து பெரிய பொள்ளல்களாகவும் ஆகிவிடும். தரையில் இது படியேறும்போது இளைப்பாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. நீரிலோ அந்த ஒரு மூலை, மூடி திருகிய பாட்டிலாகிவிடுகிறது. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடிகிறது என்பதைவிட, இழுத்தது எவ்வளவு தடையின்றி வெளியே வருகிறது என்பதையே முக்குளிப்பில் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் நுரையீரல் அப்படி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இருக்கிறது. நெஞ்சக மருத்துவர் இருக்கும் இடங்களில் பொதுவாகச் செய்துவிடுவார்கள். வலியில்லாதது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, அட்டைக்குழாயை வாயில் வைத்து, முழு மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். எனக்குச் செய்த செவிலியர், “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்கண்ணே, இன்னும், இன்னும்” என்று கபடி ஆட்டத்தில் கத்துவதுபோல் கத்திக்கொண்டே இருந்தார். நெஞ்சு காலியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றிய பிறகும், திரையில் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. முதல் நொடியில் வெளியேறும் காற்று, மொத்தமாக வெளியேறும் காற்றில் எத்தனை பங்கு என்பதே இதில் முக்கியமான எண். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் அது 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நாட்பட்ட அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 71 வந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவன், அனிச்சையாகப் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பியதும் உண்மை.

எண் நன்றாக இருந்தால் எல்லாம் சரி என்று முடித்துவிடவும் கூடாது. சிறிய பொள்ளல்கள் இந்தச் சோதனையில் அகப்படாமல் போகலாம். நீண்ட காலம் புகைத்தவர்களுக்கு மருத்துவர் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எழுதித் தந்தால் மறுக்க வேண்டாம்.

ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவன் நான். இதைவிடவா உடல்தகுதி வேண்டும்?

பாதயாத்திரை காலுக்கும் மனத்துக்கும் பெரிய பயிற்சி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யாத்திரையில் உங்கள் வேகத்தை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். இளைத்தால் மரத்தடியில் உட்காரலாம், தண்ணீர்ப் பந்தலில் நிற்கலாம். நீரோட்டத்துக்கு எதிராகப் படகை நோக்கி நீந்த வேண்டிய ஐந்து நிமிடத்தில் உட்கார மரத்தடி இல்லை. தவிரவும், ஆழத்தில் காற்றே அடர்த்தியாகிவிடுகிறது. 30 மீட்டரில் நீங்கள் இழுக்கும் காற்று தரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு அடர்த்தியானது. ஆரோக்கியமான நுரையீரலும் அங்கே முழு முயற்சியில் தரையில் செலுத்துவதில் ஏறத்தாழப் பாதியளவுக்குத்தான் காற்றைச் செலுத்த முடியும். ஏற்கெனவே குறுகிய குழல்களோடு இறங்குபவருக்கு எஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். காலையில் கைப்பேசியில் தூரத்தை அளந்து 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடந்து பாருங்கள். அது மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம், பேசிக்கொண்டே நடக்கும் நடை அல்ல. நீந்தத் தெரிந்தவர் 200 மீட்டரை நிற்காமல் நீந்திப் பார்க்கலாம். முக்குளிப்புச் சான்றிதழ் வழங்கும் ‘பாடி’ (PADI) அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழுக்கும் இந்த 200 மீட்டர் நீச்சல், அல்லது முகமூடி, துடுப்பு, ஸ்நார்க்கல் குழாயோடு 300 மீட்டர் நீச்சல் தேவை. நேர வரையறை இல்லை, நிற்கத்தான் கூடாது. அதோடு பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும்.

இறங்குவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு கடைசி சிகரெட்டை நிறுத்த வேண்டும்?

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. புகைக்காதவர் ரத்தத்தில் ஒன்றிரண்டு விழுக்காடாக இருக்கும் இந்த ஒட்டல், தொடர்ந்து புகைப்பவரிடம் 5 விழுக்காட்டையும் தாண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் அது பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆகவே முந்தைய இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தினால், காலையில் இறங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும். குறைந்தது 12 மணி நேரம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் இது கார்பன் மோனாக்சைடுக்கான விடை மட்டுமே. சளியும் அடைப்பும் ஓர் இரவில் போகாது. இரண்டு முக்குளிப்புக்கு இடையில் படகின் பின்பக்கம் போய் ஒன்று பற்றவைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் ரத்த ஓட்டத்தின் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும் நேரம் அது, நிக்கோட்டினோ ரத்தக்குழாய்களைச் சுருக்குவது.

புகைப்பவர்களுக்குப் ‘பெண்ட்ஸ்’ அதிகம் வரும் என்கிறார்களே?

வேகமாக மேலே வரும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி வரும் நோயைத்தான் ‘பெண்ட்ஸ்’ என்கிறார்கள். இதைச் சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டும். முக்குளிப்போரின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பிடம் இருந்த பழைய பதிவுகளை வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் வந்தவர்களுக்குள் அதிகம் புகைப்பவர்களிடம் அறிகுறிகள் கடுமையாக இருந்ததைக் காட்டியது. வந்தால் கடுமையாக வருகிறது என்பது அதன் முடிவு. அடிக்கடி வருகிறது என்று அது சொல்லவில்லை. பயிற்சியாளர்கள் சிலர் இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துகிறார்கள். உள்ளதைச் சொன்னாலே போதுமான பயம் வரும்.

பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை, மூக்குப்பொடி, வேப் ஆகியவை எப்படி?

பீடியில் தூள் குறைவு என்பதால் தீங்கும் குறைவு என்று நம் திண்ணைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அணையாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நுரையீரலுக்குச் சிகரெட்டைவிட எந்தச் சலுகையும் அது தருவதில்லை. வெற்றிலைப் புகையிலையில் கார்பன் மோனாக்சைடு இல்லை, நுரையீரலில் அடைப்பும் இல்லை. ஆனால் நிக்கோட்டின் உண்டு, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், வாய்ப்புற்றுநோய் தனிக்கதை. ரெகுலேட்டரைப் பல்லால் கவ்வ வேண்டும் என்பதால், வாய் முழுதாகத் திறக்காதபடி கன்னம் இறுகிப்போனவர்கள் அதைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூக்குப்பொடி மூக்கின் உட்தோலை வீங்கவைக்கும். இறங்கும்போது காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்வதற்கு அது நேர் எதிரி. வேப் கருவிகளை விற்பதற்கு இந்தியாவில் 2019 முதல் தடை உள்ளது. வெளிநாட்டில் பிடிப்பவர்கள், ‘வேறு வழியில் நிக்கோட்டினை உள்ளிழுப்பது’ என்று படிவம் சொல்வது தங்களைத்தான் என்று அறிந்துகொள்க.

காது வலிக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் புகையால் வீங்கிச் சளி பூத்திருந்தால், மூக்கைப் பிடித்து ஊதினாலும் காது திறக்காது. அப்போது வலியோடு இறங்காமல் மேலே வந்துவிடுங்கள். மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குவது, ஆழத்தில் மருந்தின் வேகம் தீர்ந்தால், திரும்பும் வழியில் சிக்கலாகும்.

பயிற்சிக்காகவே புகையை விட நினைக்கிறேன். மாத்திரை எடுக்கலாமா? எப்போது பலன் தெரியும்?

நல்ல முடிவு, ஆனால் மருந்தைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. புகையை விடுவதற்குத் தரப்படும் புப்ரோப்பியான் என்ற மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. தரையில் அது அரிதான பக்கவிளைவு. நீருக்கடியில் ஒருமுறை வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழுந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே அந்த மருந்தை எடுக்கும் காலத்தில் முக்குளிக்கக் கூடாது. புகையை விடுவதற்கான மற்றொரு மருந்தான வரெனிக்லின் எடுப்பவருக்குக் குமட்டல் சாதாரணம். வலிப்பு பற்றிய எச்சரிக்கை அதற்கும் உண்டு. முதலில் மருந்துக்காலம் முடியட்டும், பிறகு கடல் என்று வரிசைப்படுத்திக்கொள்வதே சரி. மருந்து எழுதும் மருத்துவரிடம் ‘ஸ்கூபா போகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராக ஊகிக்க மாட்டார். 1800-112-356 என்ற இலவச தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பலன் ஒரே நாளில் வருவதல்ல. கார்பன் மோனாக்சைடு ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். முதல் சில வாரங்களில் இருமலும் சளியும் கூடுவதாகப் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வாரங்களில் முக்குளிப்பு வேண்டாம். ஒன்று முதல் ஒன்பது மாதங்களுக்குள் இருமலும் இளைப்பும் தணியும். ஓராண்டில் இதயநோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும். கரைந்துபோன காற்றறைச் சுவர் திரும்ப வளராது. ஆனால் மேற்கொண்டு தேயும் வேகம் குறையும். பயணம் டிசம்பரில் என்றால் ஆடியிலேயே நிறுத்திவிடுவதுதான் கணக்கு.

படகில் மற்றவர்கள் புகைத்தால் நமக்கென்ன?

இரண்டு இடங்களில் தயங்காமல் தடுங்கள். ஒன்று, அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரின் அருகில். மற்றொன்று, சிலிண்டருக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரின் உறிஞ்சுகுழாய்க்கு அருகில். அங்கே உள்ளே போகும் புகையை நீங்கள் அழுத்தத்தில் சுவாசிப்பீர்கள்.

தம்பி தொழில்முறை முக்குளிப்பாளராகப் போக விரும்புகிறான். அவனுக்கும் இதே அளவுகோலா?

இல்லை, அது கடுமையானது. எண்ணெய்த் துறப்பண மேடைகளிலும் துறைமுகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் சோதனை கட்டாயம்; ஊதும் பரிசோதனையும் அதில் அடங்கும். அங்கே ‘இல்லை’ என்று எழுதித் தப்ப முடியாது.

எங்கள் அப்பச்சிக்கு 62 வயது. நாற்பதில் சிகரெட்டை விட்டவர். பேரனோடு அந்தமானில் ஒருமுறை இறங்க ஆசைப்படுகிறார். போகலாமா?

போகக்கூடும். படிவம் தற்போதைய புகையைத்தான் கேட்கிறது. ஆகவே அதில் அவர் ‘இல்லை’ என்றே எழுதலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரானால் அந்த வரியிலேயே மருத்துவர் ஒப்புதல் தேவைப்பட்டுவிடும். எடுக்காவிட்டாலும், இந்த வயதில் ஒரு டிரெட்மில் இதயப் பரிசோதனையும் ஊதும் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது என்பேன். இரண்டும் சரியாக இருந்தால் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போகாமல், அறிமுக முக்குளிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அதில் 12 மீட்டருக்குமேல் இறக்கமாட்டார்கள், நீங்கள் 5 மீட்டரே போதும் என்று கேட்டுக்கொள்ளலாம், பவளமும் கிளிமீனும் அங்கேயே தெரியும். விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனைகளைக் காரைக்குடியிலோ மதுரையிலோ முடித்துவிடுங்கள். காசு கட்டிப் படகுத்துறை வரை வந்துவிட்ட பெரியவரிடம், பேரன் பக்கத்தில் நிற்கும்போது, “ஐயா, நீங்கள் இன்றைக்குக் கரையில் இருங்கள்” என்று நான் இரண்டு முறை சொல்ல நேர்ந்திருக்கிறது.